மனவளர்ச்சி குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீட்டுல இருந்து எப்படி கத்துக்குடுக்கிறது: ஒரு அம்மாவோட முழு வழிகாட்டி

என் பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒருநாள் அவன் கையெழுத்து நோட்டுல மூணு ஸ்டார் போட்டு வெரிகுட்னு எழுதி அனுப்பியிருந்தாங்க. அந்த எழுத்து என்னோடது. அவன் கையை என் கைக்குள்ள வெச்சு பென்சிலை ஓட்டினது நான், அவன் மேல சுத்துற ஃபேனைப் பார்த்துட்டு உக்காந்திருந்தான். அதே வாரம் கிளாஸ்ல பாத்ரூம் வருதுன்னு சொல்லத் தெரியாம டிரவுசர்லயே போயிட்டான், ஸ்கூல்ல இருந்து போன் வந்து நான் மாத்துத்துணி எடுத்துட்டு ஓடினேன். வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை, நான் எதை சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், யாருக்கு சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன்னு.

அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வர்ற, மனவளர்ச்சியையும் பாதிக்கிற ஒரு மரபணுக் கோளாறு, இப்ப 15 வயசு. நாங்க திண்டுக்கல் பக்கம். இத்தனை வருஷத்துல தப்பு பண்ணி பண்ணி கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். அஞ்சு வயசுப் பிள்ளை வெச்சிருக்கிறவங்க முதல்ல இருந்து படிங்க, பிள்ளை வளர்ந்துட்டா நாலாவது படியில இருந்து ஆரம்பிச்சாலும் பரவாயில்ல.

படி 1: முதல்ல காது, கண்ணு, தைராய்டு

"சொன்னா கேக்கவே மாட்டேங்குறான்"னு நம்ம பிள்ளைங்களைப் பத்தி எல்லாருமே சொல்லுவாங்க. நிஜமாவே காது கேக்குதான்னு பார்த்தீங்களா? டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு நடுக்காதுல நீர் கோர்த்து கேக்கும் திறன் குறையுறது ரொம்ப சகஜம், பார்வைக் கோளாறும் அப்படித்தான், தைராய்டு பிரச்சினையும் அதிகம், அதனால வருஷத்துக்கு ஒருதடவை தைராய்டு ரத்த டெஸ்ட் எடுக்கணும். என் பையனுக்கு ஆறு வயசுலதான் கண்ணாடி போட்டோம், அதுவரைக்கும் போர்டுல என்ன இருந்துச்சோ அவனுக்கே வெளிச்சம். ஆறு வயசுக்குள்ள இருந்தா மாவட்டத்துல இருக்கிற அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு போங்க, டிஇஐசின்னு கேட்டா ஜிஹெச்லயே சொல்லுவாங்க, அங்க இதெல்லாம் ஒரே இடத்துல காசு இல்லாம பார்ப்பாங்க.

படி 2: டெஸ்ட்ல பொய் சொல்லாதீங்க

சைக்காலஜிஸ்ட் எடுக்கிற டெஸ்ட்ல பாதி பிள்ளைகிட்ட எடுக்கிறது, மீதி நம்மகிட்ட கேக்குறது. வைன்லேண்ட்னு ஒண்ணு, சமூக முதிர்ச்சி அளவுகோல், நம்ம நாட்டுக்கு ஏத்தமாதிரி மாத்தினதுல 89 விஷயம் இருக்கு, தானா சாப்பிடுவானா, பட்டன் போடுவானா, கடைக்குப் போவானான்னு போகும். நான் "தானா சாப்பிடுவான் மேடம்"னு பெருமையா சொன்னேன். பக்கத்துல இருந்த எங்க மாமியார் "எங்கம்மா, நீ பிசைஞ்சு உருட்டிக் குடுத்தாத்தானே வாய்ல போடுவான்"னாங்க. எனக்கு அவமானமா போச்சு. ஆனா அவங்க சொன்னதுதான் சரி. நாம கூட்டி சொன்னா லெவல் தப்பா வரும், அதை வெச்சுத்தான் ஸ்கூல்லயும் தெரபிலயும் பிளான் போடுவாங்க, கஷ்டப்படப்போறது பிள்ளை.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுல வர்ற சதவீதத்தைப் பார்த்து அழுறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். மிதமான குறைபாடு, அதான் மாடரேட்டுன்னு வந்தா 75 சதவீதம்னு போடுவாங்க, லேசானதுக்கு 50, தீவிரமானதுக்கு 90, மிகத் தீவிரம்னா 100. 75 சதவீதம்னா மூளையில முக்கால்வாசி இல்லைன்னு அர்த்தம் கிடையாது, அது சலுகைக்காக அரசாங்கம் வெச்ச ஒரு கணக்கு. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா சட்டப்படி கிடைக்கிறது எல்லாம் கிடைக்கும். யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு அப்ளை பண்ணிடுங்க. தமிழ்நாட்டுல மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுக்கணும். நாலஞ்சு தடவை அலையத்தான் வைப்பாங்க, ஜெராக்ஸ் எல்லாம் அஞ்சு செட் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு எங்க போனாலும் கூடவே தூக்கிட்டுப் போங்க.

படி 3: எந்த ஸ்கூல்

2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி நம்ம பிள்ளைங்களுக்கு 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை, பக்கத்து ஸ்கூல்லயும் சேர்க்கலாம், சிறப்புப் பள்ளியிலயும் சேர்க்கலாம், தேர்ந்தெடுக்கிறது நாம. "இவனை எல்லாம் இங்க வெச்சுக்க முடியாதும்மா"ன்னு எங்ககிட்டயும் ஒரு ஸ்கூல்ல சொன்னாங்க. நான் அன்னைக்கு அழுதுட்டு வந்துட்டேன், இப்ப இருந்தா எழுத்துல குடுங்கன்னு கேட்டிருப்பேன்.

அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, வாரத்துல சில நாள் ஸ்கூலுக்கு வருவாங்க, பிஸியோதெரபி அங்கேயே நடக்கும். ஸ்கூலுக்கே வரமுடியாத பிள்ளைங்களுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்கிற ஏற்பாடும் உண்டு. ஒரு சிறப்பாசிரியருக்கு அத்தனை ஸ்கூல் இருக்கிறதால நம்ம பிள்ளைக்குக் கிடைக்கிற நேரம் கம்மிதான், அதைத் தெரிஞ்சுக்கிட்டே போங்க.

ரெண்டுல எது நல்லதுன்னு என்னைக் கேட்டா, லேசான குறைபாடுன்னா கண்ண மூடிக்கிட்டு பக்கத்து ஸ்கூல். மத்தவங்களுக்கு போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். போனா சுவத்துல ஒட்டியிருக்கிற சார்ட்டைப் பார்க்காதீங்க, பாத்ரூமைப் பாருங்க. அங்க இருக்கிறதுலயே பெரிய பசங்க என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு பாருங்க. 16 வயசுப் பையன் இன்னும் ஆப்பிள் படத்துக்கு கலர் அடிச்சுட்டு இருந்தா அந்த ஸ்கூல்ல பத்து வருஷம் கழிச்சு உங்க பிள்ளையும் அதையேதான் பண்ணிட்டு இருக்கும். பெத்தவங்களை கிளாஸ்குள்ள விடமாட்டோம்னு சொல்ற சிறப்புப் பள்ளி எனக்கு சரிப்படல, என்ன சொல்லிக்குடுக்கிறாங்கன்னே தெரியாம வீட்டுல நான் எதைத் தொடர்றது?

படி 4: மூணு பத்தி நோட்டு

இதுதான் அடிப்படை, இதை விட்டுட்டு மத்த எதைப் பண்ணினாலும் வீண் அலைச்சல்.

பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரியும்னு பார்க்கிறதுக்கு எம்டிபிஎஸ்னு ஒரு லிஸ்ட் இருக்கு, மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம், சென்னையில விஜய் ஹியூமன் சர்வீசஸ்ல உருவாக்கினது. 18 பகுதி, ஒவ்வொண்ணுலயும் 20, மொத்தம் 360 விஷயம், சுலபத்துல இருந்து கஷ்டத்துக்கு வரிசையா போகும். பெரும்பாலான சிறப்பாசிரியர்கள்கிட்ட இருக்கும், கேட்டு வாங்கி ஒருதடவை உக்காந்து படிச்சுப் பாருங்க. கிடைக்கலைன்னா விடுங்க, 40 பக்கம் நோட்டு ஒண்ணு போதும்.

நோட்டுல மூணு பத்தி. தானா செய்றது, நான் கை வெச்சா செய்றது, செய்யவே தெரியாதது. ஒரு வாரம் பிள்ளை கூடவே இருந்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எழுதுங்க. என் நோட்டுல முதல் பத்தி எட்டு வரி, மூணாவது ஒரு பக்கம், நடுப்பத்தி மட்டும் நாலு பக்கம் வந்துச்சு. அதாவது அவனால பாதி முடிஞ்ச வேலையை எல்லாம் நான் கையைக் குடுத்து முடிச்சுட்டு இருந்திருக்கேன்.

கத்துக்குடுக்க எடுக்க வேண்டியது இந்த நடுப்பத்தியில இருந்துதான். மூணு மாசத்துக்கு மூணே மூணு. ஒண்ணு தன் வேலை, ஒண்ணு பேச்சு இல்ல சைகை, ஒண்ணு படிப்பு. "நல்லா படிக்கணும்", "சமத்தா இருக்கணும்" இதெல்லாம் எழுதாதீங்க. "ஸ்கூல்ல டிபன் பாக்ஸை யாரும் திறந்துவிடாம தானே திறப்பான், அஞ்சு நாள்ல நாலு நாள்", இப்படி அடுத்தவங்க பார்த்து ஆமா இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கணும். இந்த மூணையும் சிறப்பாசிரியர்கிட்ட காமிச்சு அவங்க போடுற தனிநபர் கல்வித் திட்டத்துல, ஐஇபின்னு சொல்லுவாங்க, எழுதச் சொல்லுங்க.

படி 5: கையை எப்படி எடுக்கிறது

டிரவுசர் போடுறதை எடுத்துக்கலாம். நமக்கு அது ஒரு வேலை, அவனுக்கு அது எட்டு வேலை. முக்காலியில உக்காரணும், முன்பக்கம் எதுன்னு கண்டுபிடிக்கணும், ரெண்டு கையால விரிச்சுப் பிடிக்கணும், ஒரு கால், இன்னொரு கால், முட்டிக்கு மேல இழுக்கணும், எந்திரிக்கணும், இடுப்பு வரைக்கும் இழுக்கணும். முதல்ல இருந்து சொல்லிக்குடுத்தா ரெண்டாவது ஸ்டெப்லயே மாட்டிக்கிட்டு கோவத்துல தூக்கி எறிவான். அதனால கடைசில இருந்து ஆரம்பிக்கணும். எல்லாத்தையும் நானே போட்டுவிட்டு, தொடை வரைக்கும் ஏத்திட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவன்கிட்ட விட்டேன். இழுத்தான், முடிஞ்சது, உடனே கைதட்டு. அவனைப் பொறுத்தவரைக்கும் டிரவுசர் போட்டது அவன். அது பழகினதும் முட்டியில விட்டேன், அப்புறம் கணுக்கால்ல, இப்படி பின்னாடி பின்னாடி போகணும்.

இதுல ஒரு இடத்துல ரெண்டு வாரம் சிக்கிக்கிட்டோம். முன்னாடி ஏறிடும், பின்பக்கம் பாதியிலயே நிக்கும், அவன் பாட்டுக்கு அப்படியே நடந்து போயிடுவான். கூர்ந்து பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது, ரெண்டு கையையும் முன்னாடியே வெச்சு இழுக்கிறான். கட்டை விரலை எலாஸ்டிக்குக்குள்ள விட்டு ரெண்டு பக்க இடுப்பு எலும்புக்கு நேரா பிடிக்கச் சொன்னோம், அந்த இடத்துல சிவப்பு நூலால ரெண்டு பக்கமும் ஒரு தையல் போட்டு வெச்சேன், "சிவப்புல பிடி"ன்னா போதும். மொத்தம் அஞ்சு வாரம் ஆச்சு. பட்டன், ஜிப் வெச்ச டிரவுசர் எல்லாம் அப்போதைக்கு பீரோவுல ஏறிடுச்சு.

உதவி குறைக்கிறதுலயும் வரிசை இருக்கு. முதல்ல கை மேல கை. அப்புறம் முழங்கையில லேசா ஒரு தொடல். அப்புறம் விரல் நீட்டிக் காட்டுறது. அப்புறம் வாயால சொல்றது. கடைசில சும்மா பக்கத்துல நிக்கிறது. நம்மள்ல பல பேர் கையை எடுத்துட்டு வாயை எடுக்க மறந்துடுறோம், "இழு, இழு, இன்னும் இழு"ன்னு கத்திட்டே இருந்தா நாம இல்லாத இடத்துல அவன் இழுக்கவே மாட்டான், நம்ம குரல் வர்ற வரைக்கும் நிப்பான். ஒருதடவை சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. நம்ம பிள்ளைங்களுக்கு கேட்டது உள்ள போயி கைக்கு வர நேரமாகும், நாலு எண்ணும்போதே கை பரபரக்கும், அடக்கிக்கோங்க.

காலைல ஸ்கூல் வேன் வர்ற அவசரத்துல இதெல்லாம் ஆகாது, அதையும் சொல்லிடுறேன். அந்த நேரத்துல நானேதான் போட்டுவிட்டேன், பிராக்டிஸ் சாயங்காலம் குளிச்சப்புறமும் ஞாயித்துக்கிழமையும்.

படி 6: எண்ணும் எழுத்தும் வீட்டுக்குள்ளயே

என் பையன் ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும் பாட்டு மாதிரி சொல்லுவான், சொந்தக்காரங்க வந்தா நாங்களும் சொல்லச் சொல்லி கேட்டுக்குவோம். கூடையில இருந்து ரெண்டு வெங்காயம் எடுத்துட்டு வாடான்னா ஒரு கை நிறைய அள்ளிட்டு வருவான். அம்பதை விட்டுட்டு ரெண்டுக்கு வந்தோம். ரெண்டு வெங்காயம், ரெண்டு செருப்பு, ரெண்டு தட்டு. அப்புறம் மூணு. நாலு பேர் சாப்பிட நாலு தட்டு எடுத்து வைக்கிற வேலை அவனோடது ஆச்சு, ஒரு தட்டு குறைஞ்சா அவன் அப்பா தட்டு இல்லாம பேசாம உக்காந்திருப்பார், அவனே பார்த்து எடுத்துட்டு வருவான். அஞ்சுக்கு வர்றதுக்கு ஒரு வருஷம் ஓடிடுச்சு, ஆனா அந்த அஞ்சு உண்மையான அஞ்சு.

காசுன்னா நிஜக் காசு. பிளாஸ்டிக் காசு, பிரிண்ட் போட்ட நோட்டு எல்லாம் வேஸ்ட். பத்து ரூபா காயின் ஒண்ணு குடுத்து தெருமுனைக் கடையில ஒரே பொருள், ஒரே பிஸ்கட் பாக்கெட். கடைக்கார அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சோம், அவன் வாயைத் திறந்து கேக்குற வரைக்கும் குடுக்காதீங்கன்னு. முதல் நாள் காயினை நீட்டிக்கிட்டே நின்னான், அண்ணனும் பாவம் பார்க்காம நின்னார். பின்னாடி வந்த ஒருத்தர் இரக்கப்பட்டு வாங்கிக் குடுத்துட்டார், அன்னைக்கு பாடம் அவ்வளவுதான்.

படிக்கிறதுக்கு அ ஆவுல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா அங்கேயே நிக்கிறதுக்குப் பதிலா முழு வார்த்தையை படம் மாதிரி காட்டுங்க. அவன் பேரு, அம்மா, அப்பா, பால், பஸ், ஆண்கள், அபாயம். டப்பா மேல உப்பு, சீனின்னு ஒட்டி வெச்சு நாக்குல தொட்டுக் காட்டினா அது மறக்காது. லேசான குறைபாடு இருக்கிற பிள்ளைங்க எழுத்துக்கூட்டியும் படிப்பாங்க, அவங்களை இதோட நிறுத்தாதீங்க.

படி 7: வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி

இங்கதான் பெரிய சண்டையே. நான் பத்து எண்ணிட்டு காத்துக்கிட்டு இருப்பேன், எங்க மாமியார் ஏழுலயே வந்து "பச்சப்புள்ளைய ஏண்டி இப்படிப் படுத்துற"ன்னு டிரவுசரை மாட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க. ரெண்டு பேரும் ஒரு மாசம் சரியா பேசிக்கல. அப்புறம் நான் ஒண்ணு பண்ணினேன், "அத்தை, சோறு பிசையறது உங்க கிளாஸ், நீங்கதான் டீச்சர், நான் கிட்டவே வரமாட்டேன்"னு ஒப்படைச்சுட்டேன். மூணு மாசத்துல அவன் ரசம் சாதம் தானே பிசைஞ்சு சாப்பிட ஆரம்பிச்சான், சட்டையெல்லாம் ரசம், அந்தம்மாவுக்கு அவ்வளவு பெருமை. பெரியவங்களுக்கு லெக்சர் குடுத்தா எடுபடாது, பொறுப்பு குடுங்க.

அப்பாக்களுக்கு தனியா ஒண்ணு. "நான் சம்பாதிக்கிறேன், நீ பார்த்துக்கோ"ன்னு விலகிடாதீங்க. முடிவெட்டுற கடை, டூவீலர் தொடைக்கிறது, ஞாயித்துக்கிழமை டவுன் பஸ்ல ஒரு ரவுண்டு, இது உங்க டிபார்ட்மெண்ட். ஆம்பளப் பிள்ளை பொதுக் கழிப்பறையில எப்படி நடந்துக்கணும்னு நான் கூடப் போயி காட்ட முடியாது. கூடப்பிறந்த பிள்ளை இருந்தா அதை ரெண்டாவது டீச்சர் ஆக்கிடாதீங்க, என் மகள் ஒருநாள் "எனக்கு மட்டும் எப்பப் பார்த்தாலும் டியூட்டியா"ன்னு கேட்டா, அன்னையோட நிறுத்திட்டேன்.

படி 8: ஸ்கூலோட எப்படிப் பேசறது

ஒரு சின்ன நோட்டு பையில போகட்டும். வீட்டுல இருந்து ஒரு வரி, ஸ்கூல்ல இருந்து ஒரு வரி. "ராத்திரி சரியா தூங்கல, இன்னைக்கு கொஞ்சம் முரண்டு பண்ணுவான்", "இன்னைக்கு டிபன் பாக்ஸ் தானே திறந்தான்", இவ்வளவு போதும். வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் முன்னாடியும் டீச்சரை கேள்வி கேட்டா அன்னையோட அந்த நோட்டு செத்துடும்.

ஒரு டீச்சர் என்கிட்ட "ஏதோ வந்து உக்காந்துட்டுப் போகட்டும்மா, நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க"ன்னாங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க, அதனாலதான் பதில் சொல்ல வரல. அடுத்த நாள் என் மூணு பத்தி நோட்டைக் கொண்டுபோய் "இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க எடுத்துக்கோங்க மிஸ்"னேன். அட்டெண்டன்ஸ் நோட்டை ஹெட்மாஸ்டர் ரூமுக்கு கொண்டுபோறதை எடுத்துக்கிட்டாங்க, ஒரு வருஷம் முழுக்க அது அவன் வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டமே இருக்கு, நம்மள மாதிரி ஒருத்தர் அதுல போய் உக்காரணும், சாய்தளம், பாத்ரூம் கதவுன்னு பேசறதுக்கு வேற யாரும் இல்லை.

பத்தாவது எழுதுற பிள்ளைன்னா மொழிப்பாட விலக்கு, சொல்லி எழுத ஆள், கூடுதல் நேரம்னு சலுகைகள் இருக்கு, ஹெட்மாஸ்டர் மூலமா வருஷ ஆரம்பத்துலயே அப்ளை பண்ணுங்க, ஹால் டிக்கெட் வந்தப்புறம் ஓடினா யாரும் கேக்கமாட்டாங்க.

அடம், அடி, கிழிக்கிறது இதுக்கெல்லாம் ஒரே ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க: அது நடக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அப்புறம் அவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு ரெண்டு வாரம் எழுதுங்க. என் பையன் நோட்டைக் கிழிச்சா நான் திட்டிட்டு எந்திரிச்சுப் போவேன், அதாவது எழுத்து வேலை முடிஞ்சுடும். அவன் கணக்குல அது நல்ல டீல்.

படி 9: வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி

ஒம்பது பத்து வயசுலயே ஆரம்பிக்கணும். ஏழு வயசுல எல்லாரையும் கட்டிப்பிடிச்சா செல்லம்னு சிரிப்பாங்க, அதையே 15 வயசுல பண்ணினா அடி விழும், அதனால வீட்டுக்காரங்களுக்கு மட்டும் கட்டிப்பிடி, மத்தவங்களுக்கு வணக்கம்னு சின்னதுலயே மாத்துங்க. துணி மாத்தும்போது கதவு சாத்தணும், நாமளும் சாத்தணும். உறுப்புகளுக்கு சரியான பேர் சொல்லிக்குடுங்க, யாராவது தொட்டா சொல்றதுக்கு வார்த்தை வேணும்ல. பேச்சே வராத பிள்ளைன்னா படம் தொட்டுக் காட்டவாவது பழக்குங்க. அப்படி ஏதாவது நடந்தா, குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்கிற 2012 போக்சோ சட்டம் நம்ம பிள்ளைங்களுக்கும் பொருந்தும், மூடி மறைக்காதீங்க. பொண்ணு வெச்சிருக்கிறவங்க பேடு வைக்கிறதை முதல் தடவை வர்றதுக்கு முன்னாடியே டிரவுசர் கதை மாதிரி கடைசி ஸ்டெப்ல இருந்து பழக்குங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தி சிவப்பு இங்க் விட்டு மகளுக்கு காட்டி ஆறு மாசம் முன்னாடியே பழக்கிட்டா.

படி 10: 18 வயசுக்கான பேப்பர்

18 ஆயிடுச்சுன்னா நாம அம்மா அப்பாவா இருந்தாலும் சட்டப்படி கார்டியன் கிடையாது, பேங்க்ல போய் நின்னா அப்பத்தான் தெரியும். 1999ல வந்த தேசிய அறக்கட்டளை சட்டப்படி கலெக்டர் தலைமையில உள்ளூர்க் குழு ஒண்ணு மாவட்டத்துல இருக்கும், அங்க மனு போட்டு சட்டப்பூர்வ பாதுகாவலர் சர்டிபிகேட் வாங்கணும். அதே அறக்கட்டளையோட நிராமயா இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு உண்டு, இதுக்கு 18 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே போடலாம்.

14 வயசுக்கு மேல படிப்பு நோட்டை விட வேலை நோட்டு முக்கியம்னு நான் நினைக்கிறேன், எல்லாரும் ஒத்துக்கமாட்டாங்க. இந்த மூணு மாசத்துக்கு எங்க லிஸ்ட்ல இருக்கிறது: துவைச்ச துணியை உதறி கொடியில போட்டு கிளிப் மாட்டறது, டவுன் பஸ் நம்பரைப் பார்த்து கையக் காட்டறது, குக்கர் மூணு விசில் வந்ததும் என்னைக் கூப்பிடறது. விசில் மட்டும் இன்னும் தகராறு, நேத்து பக்கத்து வீட்டு குக்கரையும் சேர்த்து எண்ணிட்டான், சாதம் வேகல.